பறிபோன பதக்கமும் பயிற்சித் திடலும்

புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சியில், செங்கற்சூளைக் கூலிகளின் மகளாகப் பிறந்து, பாட்டனார் வாங்கித் தந்த காலணியோடு வெறும் மண்தரையில் ஓடிப் பழகி, 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியின் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்ற சாந்தி சௌந்தரராஜனிடமிருந்து, பாலினப் பரிசோதனையைக் காரணங்காட்டி அப்பதக்கம் பறிக்கப்பட்டது.

மாலையும் மேளமும் சூழ நிற்கையில் விநயமாகப் பேசுவது அத்தனை பெரிய சாதனையன்று. பகிரங்கமாக அவமதிக்கப்பட்ட இந்தப் பெண்ணோ, முதலமைச்சர் கருணாநிதி அளித்த 15 லட்சம் ரூபாயைக் கொண்டு, சொந்த மாவட்டத்து ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட்டம் கற்பிக்க முனைந்தார். முதல் வளைவு வரை தத்தம் தடத்தில் ஓடிப் பின்னர் உள்வரம்பை நோக்கித் தோளோடு தோள் நெருங்கும் 800 மீட்டர் ஓட்டத்தைத் தனியொருவராகப் பயில்வது கடினம். கூட ஓடுவோரின் வேகமே அங்கே ஆசான். அதை அறிந்த கால்கள் அவருடையவை.

பிற்பாடு அவரே சூளையில் தினக்கூலிக்கு நிற்க நேர்ந்ததை நினைத்தால் நெஞ்சு பொறுக்கவில்லை. 2016-இல் தமிழக அரசு நிரந்தரப் பயிற்றுநர் பணி தந்தது நியாயமே. ஆயினும், பதக்கத்தை மீட்டுத்தர வாதாட வேண்டிய கடமை இந்திய ஒலிம்பிக் சங்கத்துக்கு இன்னும் பாக்கியிருக்கிறது.