போர்டைக் கழற்றுமுன் வடிகுழாயைப் பாருங்கள்

பந்தல்குடியில் ஒரு வீட்டின் பின்கட்டு. முன்பக்கக் கதவுள்ள ஏழு கிலோ மெஷின். துவைக்கிறது, அலசுகிறது, பிழிய மட்டும் மறுக்கிறது. “போர்டு போயிருச்சு, மாத்தணும்னு சொல்லிட்டாங்கண்ணே” என்றார் வீட்டுக்கார அம்மா. விலையைக் கேட்டு மலைத்துப்போயிருந்தார். மெஷினின் வடிகுழாயோடு பச்சை ஓஸ் ஒன்றைச் செருகிக் கம்பியால் முறுக்கியிருந்தார்கள். அது பின்சுவர் மேல் ஏறி இறங்கி, இருபது அடி தள்ளியிருந்த தென்னங்கன்றின் பாத்தியில் போய் முடிந்தது. மழை பொய்க்கிற ஊரில் சோப்புத்தண்ணீரைக்கூட வீணாக்காத வீடு அது. ஓஸைக் கழற்றிவிட்டு, வடிகுழாயை வாளியில் விட்டு ஸ்பின் போட்டோம். டிரம் வேகமெடுத்துச் சுற்றியது. போர்டில் ஒரு குறையும் இல்லை.

நம் தொழிலில் இருப்பவர்களிடம் இந்த இதழில் நான் சொல்ல விரும்புவது இதைத்தான். “சுத்தலை” என்று போன் வந்தால் முதலில் தண்ணீரைப் பாருங்கள். உள்ளே தண்ணீர் இல்லை என்று பிரஷர் சென்சார் சொல்லும்வரை எந்த போர்டும் வேகச் சுற்றுக்கு அனுமதி தராது. டிரெயின் பம்ப் பெரும்பாலும் 30 வாட் அளவுதான். ஒரு மீட்டர் உயரத்துக்குத் தள்ளுவதற்காகச் செய்யப்பட்டது. சுவர் ஏற்றி இருபது அடி இழுத்தால் அது திணறும், பாதித் தண்ணீர் திரும்பி வரும். மரத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்று வீட்டார் நினைப்பது நியாயம். கீழே ஒரு தொட்டி வைத்து, அதிலிருந்து பாத்திக்கு விடச் சொல்லுங்கள்.

அடுத்தது பம்ப் ஃபில்டர். ஜாக்கெட் ஊக்கு, சில்லறைக் காசு, குழந்தையின் காலுறை, லுங்கி நூல் எல்லாம் அங்கேதான் வந்து தங்கும். திறக்கும்போது அடியில் தட்டு வையுங்கள், சூடான தண்ணீராக இருந்தால் ஆறவிடுங்கள். ஃபில்டரை எடுத்தபின் டார்ச் அடித்து உள்ளே விசிறியை விரலால் சுற்றிப் பாருங்கள். காந்தத்தால் விட்டுவிட்டுச் சுற்றுவது இயல்பு, தளர்ந்து ஆடினால்தான் கோளாறு.

பந்தல்குடி வட்டாரத்தில் இன்னொன்றும் உண்டு. இங்கே மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கல். ராமசாமி ராஜா நகர் சிமென்ட் ஆலைக்கே இங்கிருந்துதான் கல் போகிறது. அப்படிப்பட்ட பூமியின் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, திரிந்து பிசுக்காகும். குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரப்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 600 வரை பொறுக்கலாம். துவைக்கிற தண்ணீரை யாரும் அளப்பதில்லை. அந்தப் பிசுக்கு தொட்டியின் அடியில் உள்ள காற்றறையிலும், அங்கிருந்து பிரஷர் சென்சாருக்குப் போகிற மெல்லிய குழாயிலும் படிகிறது. தண்ணீர் முழுக்க வடிந்த பிறகும் குழாயில் காற்றழுத்தம் சிக்கி நிற்கும். சென்சார் “தண்ணீர் இருக்கிறது” என்று சொல்லும், போர்டு காத்திருக்கும். எத்தனையோ நல்ல பம்புகளும் போர்டுகளும் மாற்றப்படுவது இந்த இடத்தில்தான். குழாயைச் சென்சார் பக்கம் கழற்றி, தொட்டிப் பக்கமாக மெல்ல ஊதுங்கள். சென்சாருக்குள் ஒருபோதும் ஊதாதீர்கள். அடைப்பு விட்டதும் காற்றறையைக் கழுவுங்கள். உப்புப் படிவுக்குச் சிட்ரிக் அமிலம் போட்டு வெந்நீரில் வெறும் டிரம்மை ஓட்டலாம். ப்ளீச்சிங் பொருள் எதையும் அதோடு கலக்கக் கூடாது, நச்சான குளோரின் வாயு எழும்.

தண்ணீர் சரியென்றால் பாரம். 24 செ.மீ. ஆரமுள்ள டிரம் நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றும்போது, ஒரு பக்கம் அரைக்கிலோ கூடினாலும் ஏறத்தாழ 130 கிலோ இழுப்பு உண்டாகிறது. அதனால்தான் மெஷின் முதலில் மெதுவாகச் சுற்றி, துணி டிரம்மைச் சுற்றிப் பரவியிருக்கிறதா என்று பார்க்கிறது. ஒற்றை ஜமுக்காளத்தைத் தனியே போட்டால் அது ஒரு பக்கம் சுருண்டு கிடக்கும், மெஷின் சில தடவை முயன்று விட்டுவிடும். எல்ஜி மெஷினில் ஓஇ என்றால் தண்ணீர் வடியவில்லை, யூஇ என்றால் பாரம் சமமில்லை. இரண்டு துண்டு சேர்த்துப் போட்டுப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

இவ்வளவுக்கும் பிறகுதான் பெல்ட், கார்பன் பிரஷ், ஷாக் அப்சார்பர். டிரம்மின் உள்விளிம்பைப் பிடித்து மேலே தூக்குங்கள். ஆட்டம் தெரிந்தால் பேரிங்கோ ஸ்பைடரோ போயிருக்கிறது. ஸ்பைடர் அலுமினியக் கலவை, கார சோப்பும் உப்புத்தண்ணீரும் சேர்ந்து அதை அரித்துவிடும்.

எர்த் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. கோடையில் இந்தப் பகுதி மண் வெடித்துக் கிடக்கும்போது எர்த் குழியும் காய்ந்துபோகிறது. எர்த் இல்லாத மெஷினில், போர்டு நல்ல நிலையில் இருந்தாலும், ஃபில்டர் கண்டென்சர் வழியாக உடம்பில் பாதி வோல்டேஜ், அதாவது 115 வரை தெரியும். ஈரக்கையோடு தொடுகிற பெண்ணுக்குச் சுள்ளென்கிறது. அதைப் பெரிதாக்க வேண்டாம் என்று சொல்லி நகராதீர்கள். நிஜமான கசிவு வருகிற அன்று அந்த எர்த்துதான் அவருக்குப் பெரிய காப்பு. பிளக்கைப் பிடுங்காமல் பின்மூடியைத் திறக்காதீர்கள். பிடுங்கிய பிறகும் இன்வர்ட்டர் போர்டில் 300 வோல்ட்டுக்கு மேல் மின்னேற்றம் சில நிமிடங்கள் நிற்கும்.

பில் எழுதும்போது மூன்று வரி சேர்த்து எழுதுங்கள்: தண்ணீர் வடிய எவ்வளவு நேரம் ஆனது, பிளக்கில் எத்தனை வோல்ட், எர்த் இருக்கிறதா. மாற்றிய பழைய பாகத்தை வீட்டாரிடமே கொடுத்துவிட்டு வாருங்கள்.