இப்னு பதூதா காணி உறுதியல்ல

எங்கள் மேடைகளில் இப்னு பதூதாவைக் காணி உறுதிபோலத் தூக்கிக் காட்டுகிறோம்: "1344இலேயே வந்தார், ஆகவே இந்த மண்ணில் நமக்கும் உரிமையுண்டு." நயினாதீவில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் நான் இந்த வாதத்தை மறுக்கிறேன். நாளை இன்னொருவர் அதைவிடப் பழைய உறுதியோடு வந்தால் என்ன செய்வோம்?

அவர் உரிமை கோர வரவில்லை; மனதைப் பறிகொடுத்துப் போனவர். கரையில் ஒதுங்கிக் கிடந்த கறுவா மரங்களைக் கண்டு வியந்தார். வேற்று மதத்தவரான ஆரியச் சக்கரவர்த்தி அவருக்கு முத்துகளும் பல்லக்கும் தந்து, பாவாதமலைக்கு வழித்துணையாக நான்கு யோகிகளையும் மூன்று பிராமணர்களையும் அனுப்பிவைத்தார்.

அந்த மன்னரின் யாழ்ப்பாணத்திலிருந்துதான் 1990 ஒக்டோபர் 30இல் விடுதலைப் புலிகள் முஸ்லிம்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். அந்தப் பயணி உபசரிக்கப்பட்ட புத்தளமே அவர்களில் பலருக்கு அகதி முகாமானது.

சில நாள் தங்கியவரே இம்மண்ணை நேசிக்க முடிந்ததென்றால், இங்கு பிறந்தவரின் நேசத்துக்கு எதற்கு எழுநூறு வருடச் சாட்சி? கேட்பவரும் தவறு, கேளாமலே நீட்டும் நாமும் தவறு.

குறிகட்டுவானில் படகேறிப் பாருங்கள். விகாரைக்குப் போகிறவரும் நாகபூஷணி அம்மனிடம் போகிறவரும் ஒரே பலகையில்தான் இருக்கிறார்கள். அங்கே யாரும் யாரிடமும் உறுதி கேட்பதில்லை.