பெரிய நாடும் சிறிய பட்டியலும்

விடுமுறை நெருங்கிவிட்டால், எங்கள் லிங்கநகரில் ஆசிரிய நண்பர்கள் கூடுமிடமெல்லாம் பாரதப் பயணப் பேச்சுத்தான். பத்தே நாள், அதற்குள் மதுரை, திருப்பதி, காசி, டில்லி, ஆக்ரா, இயன்றால் காஷ்மீரமும்! அப்பட்டியலைக் காணுந்தோறும் எனக்குக் கவலையே மிகுகின்றது. நாம் சிறு தீவினர். திருகோணமலையில் இரவு வண்டியேறிக் கண்ணயர்ந்தால் விடியலில் கொழும்பு. அந்த அளவுகோலையே அப்பெருநாட்டுக்கும் கொண்டு செல்கின்றோம்.

இலங்கையின் நீளம் ஏறத்தாழ 430 கிலோமீட்டர். இந்தியாவின் வடதென் நீளமோ 3,200 கிலோமீட்டருக்கும் மேல். அதன் அரசியல் சாசனத்தின் அட்டவணையில் இடம்பெற்ற மொழிகள் மட்டும் 22. மழையுங்கூட எங்கும் ஒரே பருவத்தில் பெய்வதில்லை. நமக்கும் சென்னைக் கரைக்கும் ஐப்பசி, கார்த்திகை மாரிக்காலம். மும்பையிலோ ஆனியும் ஆடியும் கொட்டித் தீர்க்கும். நம் நாட்காட்டியை நம்பிப் புறப்படுவோர் அங்கே நனைந்து திரும்ப வேண்டியதுதான்.

1915 சனவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய காந்தியடிகளுக்குக் கோகலே கூறிய அறிவுரை யாவரும் அறிந்ததே: ஓராண்டு நாட்டைச் சுற்றிப் பாருங்கள், அதுவரை பொது விவகாரங்களில் கருத்துரைக்க வேண்டாம். அந்நாட்டிலேயே பிறந்தவர் அதனை அறிய ஓராண்டும் மூன்றாம் வகுப்பு வண்டியும் வேண்டியிருந்தன. நமக்குப் பத்து நாள் போதுமா?

போதாதுதான், ஆயினும் பயனின்றிப் போக வேண்டியதில்லை. பத்து ஊர்களைத் தேர்வதினும் ஒரு வழியைத் தேர்வது நன்று என்பேன். கன்னியாகுமரிக்கும் அசாமின் திப்ருகருக்கும் இடையே விவேக் விரைவு வண்டி 2011 முதல் ஓடுகின்றது. 4,100 கிலோமீட்டருக்கும் மிகுந்த தொலைவு. மூன்று நாளுக்கும் மேற்பட்ட பயணம். சாளரத்தருகே அமர்ந்து நிலையப் பெயர்ப் பலகைகளைப் பார்த்து வந்தாலே போதும். தமிழெழுத்து மலையாளமாகும், கோவையில் மீண்டும் தமிழாகும், பின்பு தெலுங்கு, ஒடிசாவில் வரும் வட்டெழுத்துகள் நம் சிங்கள அயலாரின் எழுத்தை நினைவூட்டும், அப்பால் வங்காளம், அசாமியம். ஒரு மொழி எங்கே முடிந்து மற்றொன்று எங்கே தொடங்கிற்று என்று திட்டமாகச் சொல்ல இயலாதவாறு அவை கலந்து செல்வதை வானூர்தியில் பறப்பவர் காணார். வழியில் இரண்டு ஊர்களில் இறங்கித் தங்கலாம். ஒரு நாளை எத்திட்டமும் இன்றி விட்டு வைக்கலாம்.

இதனை வற்புறுத்த வேறொரு காரணமும் உண்டு. 1980களிலும் 1990இலும் போருக்கஞ்சிப் படகேறிய நம்மவர் பலர் கண்ட இந்தியா மண்டபம் முகாமிலேயே தொடங்கிற்று. எங்கே செல்வது, எப்பொழுது திரும்புவது என்று எண்ணிப் பார்க்கும் உரிமை அவர்களுக்கு வாய்க்கவில்லை. இன்று தேசப்படத்தை விரித்து, விரல் வைத்து வழி தேடும் பேறு நம் பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்கின்றது. அதனை நிழற்படம் எடுக்கும் ஓட்டமாகச் சுருக்குதல் தகாது.

ஆதலின் ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள்: மாணவரை அழைத்துச் செல்லுமுன் தேசப்படத்தில் ஒரே கோட்டை அவர்களையே வரையச் செய்யுங்கள். அக்கோட்டில் வரும் மொழிகள் ஒவ்வொன்றிலும் வணக்கம், தண்ணீர், நன்றி என்னும் சொற்களையேனும் கற்பியுங்கள். பயணச்சீட்டு வாங்குவது அதன் பிறகு ஆகட்டும்.