அட்டவணையில் இல்லாத 22 அங்குலம்

எங்கட வட்ஸ்அப் குழுவில மாதத்துக்கு ஒருக்கா எண்டாலும் இந்தச் சண்டை வரும். ஸ்பிற்பயரா, மெஸ்ஸஸ்மிற்றா? லங்காஸ்ரரா, ஹலிபாக்ஸா? ஒருத்தர் எஞ்சினின் குதிரைவலுவைப் போடுவார். அடுத்தவர் வேகத்தைப் போடுவார். மூன்றாமவர் ஒரு யூடியூப் இணைப்பைப் போட்டுவிட்டு நித்திரைக்குப் போய்விடுவார். பழைய ஐரோப்பியப் போர் விமானங்கள் எண்டால் எங்களுக்குப் பைத்தியம். அதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறோம்.

அண்மையில் இந்தச் சண்டை எங்களில் ஒருவரின் வீட்டு விறாந்தையில் நேரிலேயே நடந்தது. மடிக்கணினித் திரையில் ஒரு சின்ன இத்தாலிய விமானத்தின் படம். தேத்தண்ணி கொண்டுவந்த அம்மம்மா எட்டிப் பார்த்தா. "உது சியாமாசெட்டியெல்லே? உது பதிஞ்சு வந்தா குத்தப்போறான் எண்டு அர்த்தம். பங்கருக்க ஓடவேணும்" எண்டு சொல்லிப்போட்டுக் குசினிக்குள்ள போயிட்டா. நாங்கள் கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கவில்லை.

அந்த நேரம் திரையில் இருந்த அட்டவணை இதுதான். சியாய் மார்ச்செட்டி எஸ்.எஃப்.260. வடிவமைத்தவர் இத்தாலியர் ஸ்ரெலியோ பிராட்டி. முன்மாதிரி 1964இல் பறந்தது. பிறகு 260 குதிரைவலு லைக்கொமிங் எஞ்சின் ஏறியதால் பெயரில் 260 வந்தது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இருக்கை, பின்னால் ஒன்று. வேகம் மணிக்கு 300 கிலோமீற்றரைத் தாண்டும். வானில் வித்தை காட்டவும் ஓட்டப் பழக்கவும் ஏற்ற வடிவான விமானம். சிறகின் கீழ் ஆயுதம் தொங்கவிடக்கூடிய 'வொரியர்' வகை பின்னால் வந்தது. 1980களின் நடுப்பகுதியில் இலங்கை விமானப்படைக்கும் இந்த விமானம் வந்துசேர்ந்தது. எங்கட ஊர்களில் பெயர் திரிந்து 'சியாமாசெட்டி' ஆனது.

அம்மம்மாவிடமும் ஒரு அட்டவணை இருக்கிறது. என்ன சத்தம், எவ்வளவு பதிவாக வரும், பதிந்தால் என்ன நடக்கும், ஓட எவ்வளவு நேரம் கிடைக்கும். இரண்டும் ஒரே விமானத்தைப் பற்றிய தரவுகள்தான். ஆனால் இணையத்திலோ கேம்களிலோ நாங்கள் பார்த்தது எல்லாம் முதலாவது அட்டவணையை மட்டும்தான்.

இந்தக் கட்டுரையில் நாங்கள் சொல்ல வருவது இதுதான்: விமானங்களை விரும்புவதில் பிழை இல்லை. ஆனால் விபர அட்டவணையை ஒரு முழு உண்மையாக வாசிப்பது பிழை. அதை எழுதியவர் விமானத்தைச் செய்தவர், அல்லது விற்றவர், அல்லது எங்களைப்போல் தூரத்தில் நின்று ரசிப்பவர். உள்ளே இருந்தவரும் கீழே இருந்தவரும் அதில் எதையும் எழுதவில்லை.

இதற்கு லங்காஸ்ரரை விட நல்ல உதாரணம் எங்களுக்குத் தெரியாது.

அவ்ரோ நிறுவனத்தின் ரோய் சட்விக் வடிவமைத்த 'மன்செஸ்ரர்' என்ற விமானம் இரண்டு வல்ச்சர் எஞ்சின்களோடு வந்து தோற்றுப்போனது. அந்த எஞ்சின்களை நம்ப முடியவில்லை. அதையே நீட்டி நான்கு றோல்ஸ் றொய்ஸ் மேர்லின் எஞ்சின்களைப் பூட்டியபோது லங்காஸ்ரர் பிறந்தது. 1941 ஜனவரியில் முதல் பறப்பு. சிறகு நீளம் 31 மீற்றர். ஒவ்வொரு எஞ்சினும் 1,280 குதிரைவலு. ஏழு பேர் கொண்ட குழு. தடுப்பே இல்லாத 10 மீற்றர் நீளக் குண்டறை. 14,000 இறாத்தல், அதாவது 6,350 கிலோ குண்டு சுமக்கும். மொத்தம் 7,377 விமானங்கள் கட்டப்பட்டன. வாசிக்க வாசிக்க வியப்பு வருகிறதுதானே? எங்களுக்கும் வந்தது.

இனி அட்டவணையில் இல்லாத ஒரு எண். மூக்குப் பக்கத் தரையில் இருந்த தப்பும் வாசலின் அகலம் 22 அங்குலம். ஏறக்குறைய 56 சென்ரிமீற்றர். அதே காலத்து ஹலிபாக்ஸின் வாசல் 24 அங்குலம். இரண்டு அங்குலம் என்ன பெரிய விசயம் எண்டு கேட்கலாம். தடித்த குளிர் உடுப்பு, பரசூட் பட்டி, எரிந்துகொண்டு சுழன்று விழும் விமானம், இருட்டு. அதற்குள்ளால் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக வெளியே போகவேண்டும்.

பின்னாளில் புகழ்பெற்ற பௌதிகவியலாளர் ஃபிறீமன் டைசன், 1943இல் 19 வயதில், பிரித்தானிய குண்டுவீச்சுப் படைத் தலைமையகத்தில் கணக்குப் பார்க்கும் வேலையில் இருந்தார். சுட்டு வீழ்த்தப்பட்ட ஹலிபாக்ஸில் இருந்தவர்களில் 100க்கு 25 பேரளவில் தப்பினார்கள், லங்காஸ்ரரில் 15 பேரளவுதான் என்று அவர் பிற்காலத்தில் எழுதினார். வாசலை அகலமாக்கச் சொல்லி அவரோடு வேலை செய்த ஒருவர் போராடினார். போர் முடியும் வரைக்கும் அந்த மாற்றம் விமானங்களுக்கு வந்து சேரவில்லை. அந்தப் படையில் ஏறத்தாழ 125,000 பேர் பறந்தார்கள். 55,573 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் எங்கட வயசுக்காரர்.

குண்டறை 10 மீற்றர், வாசல் 22 அங்குலம். இரண்டையும் ஒரே பலகையில்தான் வரைந்திருப்பார்கள். எதற்கு இடம் விடுவது என்பது ஒரு முடிவு. அந்த முடிவை அட்டவணை எங்களுக்குச் சொல்வதில்லை.

வேறு விதமாகவும் முடிவெடுத்திருக்கலாம் என்பதற்குச் சாட்சி 'மொஸ்கிற்றோ'. டி ஹவிலண்ட் நிறுவனம் 1940 நவம்பரில் பறக்கவிட்ட இந்த விமானம் மரத்தால் ஆனது. பேர்ச் ஒட்டுப்பலகைக்கு நடுவில் பல்சா மரம் வைத்து ஒட்டினார்கள். தளபாடம் செய்த தச்சர்கள் விமானம் செய்தார்கள். குண்டுவீச்சு வகையில் துவக்கே இல்லை. குழுவில் இரண்டே பேர். பாரம் குறைந்ததால் வேகம் கூடியது, பிந்திய வகைகள் மணிக்கு 600 கிலோமீற்றரைத் தாண்டின. இழப்பு வீதம் லங்காஸ்ரரை விட மிகக் குறைவு. டைசனோடு வேலை செய்தவர்கள் லங்காஸ்ரரிலும் துவக்குக் கூண்டுகளைக் கழற்றி வேகத்தைக் கூட்டலாம், ஆட்களையும் குறைக்கலாம் என்று சொல்லிப் பார்த்தார்கள். மேலிடம் கேட்கவில்லை.

சரி, அப்ப மொஸ்கிற்றோதான் நல்ல விமானம் எண்டு சண்டையை முடித்துவிடலாமா? ஏலாது. 1945 பெப்ரவரி 13ஆம் திகதி இரவு டிறெஸ்டன் நகரத்துக்கு 700க்கும் மேற்பட்ட லங்காஸ்ரர்கள் போயின. எங்கே குண்டு போடவேண்டும் என்று அவற்றுக்கு வெளிச்சக் குறி இட்டுக்கொடுத்தவை ஒரு சில மொஸ்கிற்றோக்கள். அந்த நாட்களின் தாக்குதல்களில் இறந்தவர்கள் 25,000 பேர் வரை என்று அந்த நகரம் அமைத்த வரலாற்றாசிரியர் குழு 2010இல் முடிவு செய்தது. உள்ளே இருந்த இரண்டு பேரைக் காப்பாற்றிய அதே வேகமும் துல்லியமும்தான் கீழே இருந்தவர்களுக்கு அந்த இரவைக் கொண்டுவந்தது.

"அப்ப ஏன் இன்னும் உதுகளைப் பார்த்து ரசிக்கிறியள்?" எண்டு எங்களோடு இருக்கிற சிலர் கேட்கினம். நியாயமான கேள்வி. குண்டுச் சத்தத்துக்குள் வளர்ந்த அம்மா அப்பாக்களுக்கு எங்கட இந்த ஆசை விசராகத்தான் தெரியும். ஆனால் விலகிப்போவது பதில் இல்லை எண்டு நினைக்கிறோம். 22 அங்குலத்தைக் கண்டுபிடித்ததும் எண்களோடு இருந்தவர்கள்தான். எத்தனை பேர் தப்பினார்கள் என்று எண்ணியதால்தான் வாசல் கண்ணில் பட்டது. எங்களுக்கு இன்னும் கூடுதல் எண்கள் வேண்டும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. லங்காஸ்ரரைச் செய்த அதே அவ்ரோவின் பெயர், எங்கட வீடுகளில் இன்றைக்கும் பாவனையில் இருக்கிற ஒரு சொல். 1960இல் முதலில் பறந்த அவ்ரோ 748 பயணிகளை ஏற்றச் செய்த விமானம். இங்கே அது குண்டும் போட்டது எண்டு பெரியாக்கள் சொல்லுவினம். சியாமாசெட்டி, அவ்ரோ என்று சொல்லும்போது அவர்கள் சத்தத்தையும் சேர்த்தே சொல்கிறார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டு விமானத்தைப் பிரித்தறிந்த தலைமுறைக்கு வயது போய்க்கொண்டிருக்கிறது. அவர்களிடம் இருக்கிற விபரம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அதனால் எங்கட குழுவில ஒரு சின்ன விதி வைத்திருக்கிறோம். இனி ஆராவது ஒரு விமானத்தின் அட்டவணையைப் போட்டால், அதோடு மூன்று வரி கூடப் போடவேண்டும். முதலில் இது எதற்காகச் செய்யப்பட்டது? அடிபட்டால் உள்ளே இருந்தவர் எப்படி வெளியே வருவார்? கீழே இருந்தவர் ஆர்? தெரியாவிட்டால் தேடவேண்டும். வீட்டில் கேட்கக்கூடியதாக இருந்தால் கேட்கவேண்டும்.

சியாமாசெட்டிக்கு முதல் வரி நிரப்பியாச்சு. கடைசி வரிக்காக அடுத்த ஞாயிறு திரும்பவும் அந்த விறாந்தைக்குப் போகிறோம். இந்த முறை மடிக்கணினியை மூடி வைத்துவிட்டு அம்மம்மாவைக் கதைக்க விடுவதாக உத்தேசம்.