எது ஏவல்?

கோடை விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து வந்த பேரன், தெருப்பிள்ளைகள் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு திண்ணையில் ஒரு விளையாட்டு ஆடினான். பெயர் டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ். 1974-ல் அமெரிக்காவில் வந்ததாம். பகடை உருட்டிக் கதை வளர்க்க வேண்டும். அதில் கணவாய்மீன் மூஞ்சியோடு ஒரு பூதம். ஆளைத் தொடாமலே மனசைத் தாக்கி, திகைத்து நிற்க வைத்துவிடும்.

எதிர்வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. "என்னண்ணே, பிள்ளைகளுக்கு ஏவல், சூனியமெல்லாம் சொல்லிக் குடுக்குறீங்க? புத்தி பேதலிச்சுப் போகாதா?" என்றார்.

இந்தப் பயம் புதுசு இல்லை. 1982-ல் வர்ஜீனியாவில் ஒரு மாணவன் தற்கொலை செய்துகொண்டான். இந்த விளையாட்டில் அவனுக்கு இட்ட சாபமே காரணம் என்று அவன் தாய் பள்ளி முதல்வர் மேல் வழக்குப் போட்டார். வழக்குத் தள்ளுபடியானது. பெற்றவளின் வேதனை உண்மை, சாபம் உண்மையில்லை.

பேரனிடம் கேட்டேன், "பூதம் தாக்குனா என்னடா செய்வ?"

"இருபது பக்கப் பகடைய உருட்டணும் தாத்தா. தேவையான எண் விழுந்தா தப்பிச்சுரலாம். விழலேன்னா அடுத்த சுத்துல மறுபடி உருட்டலாம்."

நம்மூர் ஏவலுக்கு இப்படி ஒரு விதி உண்டா? சின்னமனூர்ப் பக்கம் என் சொந்தத்தில் ஒரு பையன், காதில் யாரோ பேசுவது கேட்கிறது என்றான். "பங்காளி ஏவல் வச்சுட்டான்" என்றார் மந்திரவாதி. தகடு, கோழி, அமாவாசைப் பூஜை என்று 2 வருஷம் ஓடியது. நகையெல்லாம் அடகுக்குப் போனது. பங்காளியோடு பேச்சுவார்த்தை அறுந்தது. குரல் மட்டும் நிற்கவில்லை. கடைசியில் க.விலக்கு அரசு மருத்துவமனையில் மாத்திரை கொடுத்தார்கள். இன்று திராட்சைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறான்.

2001 ஆகஸ்ட் 6-ஐ மறந்துவிட்டோமா? ஏர்வாடிக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிக் கிடந்தவர்கள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 உயிர்கள். வைத்தியம் பார்க்க வேண்டிய பிள்ளைகளைப் பேய், ஏவல் என்று சொல்லிக் கட்டிப்போடும் பழக்கம் கொடுத்த பலி அது.

மனசைத் தாக்குகிறவன் திண்ணையில் பகடை உருட்டும் பையனில்லை. "உனக்கு யாரோ வச்சுட்டாங்க" என்று சொல்லிக் காசு பறிக்கிறவன்தான். அந்த ஒரு வார்த்தை ஒரு வீட்டை எத்தனை வருஷம் தூங்கவிடாமல் செய்கிறது என்று நான் பார்த்திருக்கிறேன்.

பேரப்பிள்ளைகளைத் திட்டுவதற்கு முன், உங்கள் நிலைப்படியில் தொங்கும் தகட்டுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். க.விலக்கில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416-க்குப் போன் போட்டால் காசில்லாமல் தமிழிலேயே பேசலாம். கோழியும் மிச்சம்.