சுவர் விழுந்தால்தான் சேதமா?

மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டால் சேலம், நாமக்கல் பக்கம் எல்லோருக்கும் கொண்டாட்டம்தான். மலர் தூவுவார்கள், போட்டோ எடுப்பார்கள். குமாரபாளையம், பள்ளிபாளையம் ஆற்றோரத் தெருக்காரர்கள் மட்டும் சட்டி பானையை மூட்டை கட்டிக்கொண்டிருப்பார்கள். 2018 ஆகஸ்டிலும் அப்படித்தான், 2022 ஆகஸ்டிலும் அப்படித்தான். இரண்டு முறையும் அணையிலிருந்து விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கன அடி. ஒலிபெருக்கி அறிவிப்பு, கல்யாண மண்டபம், சாப்பாட்டுப் பொட்டலம்... அதுவரை பெரிதாகக் குறை சொல்ல முடியாது.

தண்ணீர் வடிந்த பிறகுதான் கூத்தே ஆரம்பம்.

பேரிடர் நிவாரணத்துக்காக மத்திய அரசு 2022-26 காலத்துக்கு வகுத்த விதியைப் படித்துப் பாருங்கள். ஓரளவு சேதமான கல்வீட்டுக்கு 6,500 ரூபாய். ஆனால் சேதம் 15 சதவீதமாவது இருக்க வேண்டும். துணிமணிக்கு 2,500, பாத்திரம் பண்டத்துக்கு 2,500. ஆனால் வீடு அடித்துக்கொண்டு போயிருக்க வேண்டும், இடிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டு நாளுக்கு மேல் மூழ்கிக் கிடந்திருக்க வேண்டும். ஒன்றரை நாளில் வடிந்துவிட்டால்? காவிரித் தாய் இன்னும் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கலாம்! கைத்தறிக்காரருக்குக் கருவி கெட்டால் 5,000 உண்டு. விசைத்தறிக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. இதைப் பள்ளிபாளையத்தில் போய்ச் சொல்லிப் பாருங்கள்!

இங்கே பல வீடுகளில் முன்பக்கம் தறி, பின்பக்கம் அடுப்படி. இடுப்பளவு தண்ணீர் நின்றால் சுவர் விழாது. ஆனால் மோட்டார் காயில் போச்சு. கஞ்சி போட்ட பாவு சேற்றில் ஊறிப் போச்சு. அந்த நூல் பெரும்பாலும் கூலிக்குக் கொடுத்தவருடையது, அதுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். செங்கல் சுவர் தண்ணீரை உறிஞ்சி, நின்ற மட்டத்துக்கும் மேலே ஏற்றிவிடும். 9 அங்குலச் சுவர் உள்ளே காய மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் "தீபாவளி வருதுங்க" என்று பெயிண்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, உப்புப் பூத்து, அடுத்த மழைக்குள் உரிந்து விழும். காசு இரண்டாவது முறையும் தண்ணீரில்.

(சுண்ணாம்பு அடித்தால் சுவர் மூச்சு விடும். பெருசுகள் சும்மா சொல்லவில்லை.)

ஊர்க்காரர்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். எலக்ட்ரீசியன் பார்க்காமல் மெயினைப் போடக்கூடாது. நனைந்த மோட்டாரைக் காய வைத்துச் சோதிக்காமல் ஓட்டிப் பார்க்கக்கூடாது. எலிக்காய்ச்சல் பயம் உண்டு, காலில் புண்ணோடு சேறு அள்ளக்கூடாது. தொட்டித் தண்ணீரைக் கொட்டிவிட்டு பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவ வேண்டும். முக்கியமாக, சுவரில் தண்ணீர் நின்ற கோட்டைத் தேய்த்துக் கழுவுவதற்கு முன்னால் தேதியோடு படம் எடுத்து வைக்க வேண்டும், தறியையும் சேர்த்து.

சேதம் பார்க்க வருகிறவர்கள் இடிந்த சுவரைத் தேடிவிட்டுத் திரும்புகிறார்கள். ஒரு டேப் எடுத்து அந்தக் கோட்டை அளக்கலாமே? எத்தனை அடி தண்ணீர், எத்தனை தறி, எத்தனை மோட்டார் என்று எழுத ஒரு தாள் போதும். அணையில் எத்தனை கன அடி திறந்தார்கள் என்று மணிக்கொரு தரம் கணக்கு வைக்கத் தெரிந்த அரசாங்கத்துக்கு, அது வீட்டுக்குள் எத்தனை அடி நின்றது என்று எழுத மட்டும் கை வராதா?