கார்ட்டூன் தமிழும் வகுப்பறைத் தமிழும்



சென்ற வாரம் எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு விவாதம் எழுந்தது. "கார்ட்டூனும் கைப்பேசி விளையாட்டும் பிள்ளைகளின் தமிழைக் கெடுத்துவிட்டன" என்று மூத்த ஆசிரியை ஒருவர் மனம் வருந்திச் சொன்னார். அறையிலிருந்த பெரும்பாலோர் அதனை ஆமோதித்தனர். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பென்றால் நானும் தலையாட்டியிருப்பேன். இன்று என்னால் அவ்வாறு செய்ய முடியவில்லை. அதற்கான காரணத்தை இப்பதிவில் எழுத விரும்புகிறேன். என் பிழை ஒன்றையும் இதில் ஒப்புக்கொள்ள வேண்டியுள்ளது.

பல ஆண்டுகளுக்கு முன் மூன்றாம் ஆண்டு வகுப்பில் எனக்கொரு மாணவன் இருந்தான். 2007ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட சுட்டி டிவி, அஸ்ட்ரோ வழியாக நம் வீடுகளில் முழங்கிக்கொண்டிருந்த காலம் அது. டோராவும் ஜாக்கி சானும் தமிழ் பேசினார்கள். ஜாக்கி சான் தொடரில் வரும் கிழவரைப் பலரும் அறிவீர்கள். பேச்சை முடித்துவிட்டார் என்று எண்ணும்போது, இன்னும் ஒன்று சொல்ல வேண்டும் என்று மீண்டும் தொடங்குவார். அந்த மாணவன் அந்தக் கிழவரின் குரலிலேயே என் கேள்விகளுக்குப் பதில் சொல்வான். தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொண்டு, விரலை நீட்டிக்கொண்டு, சென்னைப் பேச்சு வழக்கில் பொழிவான். வகுப்பே சிரிக்கும்.

ஒருநாள் பொறுமை இழந்து, "இது டிவித் தமிழ். இங்கே வேண்டாம். பாடநூலில் உள்ளதைப் போல் முழு வாக்கியத்தில் சொல்" என்றேன். அவன் வாய் திறந்தான். சொல் வரவில்லை. மாணவர்கள் மறுபடியும் சிரித்தனர். இம்முறை சிரித்தது கிழவரைப் பார்த்து அன்று; அவனைப் பார்த்து. அதன்பின் ஆண்டு முடியும் வரை தமிழ் வகுப்பில் அவன் தானாக வாய் திறக்கவில்லை. தலையசைப்பான், கேட்டதற்கு ஓரிரு சொல் மட்டும் சொல்வான்.

தேர்ச்சி அறிக்கை வழங்கும் நாளில் அவன் தாயார் வந்திருந்தார். "நான் தேசியப் பள்ளியில படிச்சவ சார். வீட்ல நாங்க பேசறது மலாயும் இங்கிலீஷும்தான். அவன் தமிழ் பேசக் கத்துக்கிட்டதே கார்ட்டூன் பாத்துத்தான். அவன் பேசறதைக் கேட்டு நானும் கொஞ்சம் பேசுவேன். இப்ப வீட்லயும் பேச மாட்டேங்கறான்" என்றார். குற்றம் சாட்டும் தொனி அவரிடம் சிறிதும் இல்லை. நான் என்ன பதில் சொன்னேன் என்பதே நினைவில்லை. ஒரு குடும்பத்தினுள் தமிழ் நுழைவதற்கு இருந்த ஒரே வாயிலை, தூய தமிழின் பெயரால் நானே அடைத்துவிட்டேன் என்பது மட்டும் வீடு திரும்பும் வழியெல்லாம் மனத்தை அறுத்தது.

நம் பெற்றோர் கேட்ட குரல்கள்

திரையிலிருந்து மொழி கற்பது இன்றைய பிள்ளைகள் கண்டுபிடித்த வழக்கமன்று. என் தந்தையார் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். ஆறாம் ஆண்டுடன் படிப்பை நிறுத்தியவர். ஆயினும் 1959இல் வெளிவந்த வீரபாண்டிய கட்டபொம்மன் படத்தின் வசனத்தை மூச்சு விடாமல் சொல்வார். லகர, ளகர, ழகர வேறுபாட்டை அவருக்குக் கற்பித்தது பாடநூல் அன்று; சிவாஜி கணேசனின் குரல். 1952இல் வந்த பராசக்தியின் வசனமும் அவ்வாறே ஒரு தலைமுறைக்குப் பேச்சுப் பயிற்சி அளித்தது. நம் நாட்டுத் தமிழ் வானொலி நாடகங்களும் அப்பணியைச் செய்தன. அக்காலத்தில் எவரும் "திரைப்படம் தமிழைக் கெடுக்கிறது, கட்டபொம்மனைப் போல் பேசாதே" என்று பிள்ளைகளைக் கண்டித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அந்தத் தலைமுறைக்குக் கிடைத்தது மேடைத் தமிழ். நம் பிள்ளைகளுக்குக் கிடைத்திருப்பது பேச்சுத் தமிழ் என்று சிலர் வாதிடலாம். உண்மைதான். ஆனால், மேடைத் தமிழைக் கேட்ட என் தந்தையாருக்கு வீட்டிலும் வெளியிலும் பேச்சுத் தமிழ் தாராளமாகக் கிடைத்தது. இன்று பல வீடுகளில் அந்தப் பேச்சுத் தமிழே அருகிவிட்டது. அடித்தளம் இல்லாத இடத்தில் எழுத்துத் தமிழை மட்டும் கட்டி எழுப்ப முயல்கிறோம். டோரா ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுக் குழந்தையின் பதிலுக்காகச் சற்று நேரம் காத்திருப்பாள். நாற்பது மாணவர் கொண்ட வகுப்பில் நம்மில் எத்தனை பேர் அவ்வாறு காத்திருக்கிறோம்?

பின்னணிக் குரலின் நுட்பம்

குற்றவுணர்வின் காரணமாகவே பின்னணிக் குரல் கலையைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க, இது நம் இலக்கணப் பாடத்திற்கு எவ்வளவு நெருக்கமானது என்று வியந்தேன்.

ஆங்கிலப் பாத்திரம் 'நோ' என்று ஒரு சொல் சொல்கிறது. தமிழில் வசனம் எழுதுபவர் என்ன செய்வார்? இல்லை, அல்ல, வேண்டாம், மாட்டேன், கூடாது, முடியாது என்று பல சொற்கள் அவர் முன் நிற்கின்றன. சூழலை அறியாமல் ஒன்றைக்கூடத் தேர்ந்தெடுக்க இயலாது. பொருள் சரியாக இருந்தால் மட்டும் போதாது. உதட்டசைவும் பொருந்த வேண்டும். பகர, மகர ஒலிகளுக்கு உதடுகள் ஒட்ட வேண்டும். திரையில் உதடு குவிந்து திறந்த நிலையில் இருக்க, குரல் 'வேண்டாம்' என்று மகர மெய்யில் முடிந்தால் கண்ணும் காதும் முரண்படும். கார்ட்டூனில் இந்தக் கட்டுப்பாடு சற்றுக் குறைவு; மனிதர் நடித்த படங்களில் மிகுதி.

அடுத்து வாக்கிய அமைப்பு. ஆங்கிலத்தில் 'போகாதே' முதலிலும் 'அந்தக் குகைக்குள்' பின்னும் வரும். பாத்திரம் வாக்கியத்தின் இறுதியில் குகையைச் சுட்டிக் காட்டுகிறது. தமிழில் பயனிலை இறுதியில் வருவதால், கை குகையைக் காட்டும் நேரத்தில் வாய் 'போகாதே' என்று சொல்லிக்கொண்டிருக்கும். எனவே, எழுதுபவர் "போகாதே, அந்தக் குகைக்குள்ளே!" என்று வரிசையை மாற்றுவார். பேச்சில் இம்மாற்றம் இயல்பானதே. எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்று கரும்பலகையில் நாம் எழுதிக் காட்டுவதைவிட, இந்த ஓர் எடுத்துக்காட்டு மாணவர் மனத்தில் ஆழப் பதியும்.

குரலுக்கும் பாத்திரத்துக்கும் உள்ள உறவு எத்தகையது என்பதற்கு 2019ஆம் ஆண்டு நல்ல சான்று. அவ்வாண்டு வெளிவந்த அவெஞ்சர்ஸ் எண்ட்கேம் படத்தின் தமிழ் வடிவில் அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்தார். ஏ.ஆர்.முருகதாஸ் வசனம் எழுதினார். இருவரும் புகழ்பெற்றவர்கள். ஆயினும், முந்தைய படங்களில் வேறு குரலைக் கேட்டுப் பழகியிருந்த இரசிகர்கள் பலர் அதை ஏற்க மறுத்துக் குறைகூறினர். அதே ஆண்டில் தி லயன் கிங் தமிழ் வடிவில் அரவிந்த் சாமி ஸ்கார் பாத்திரத்துக்கும் சித்தார்த் சிம்பாவுக்கும் குரல் கொடுத்தனர். முகம் காட்டாமல் குரலால் மட்டும் நடிப்பது எளிய வேலையன்று. பல ஆண்டுகளாகப் பெயர் தெரியாமல் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் பேசிக் காட்டிய சென்னைக் குரல் கலைஞர்களுக்கு நாம் நன்றி சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

குறைகளும் உண்டு

இவற்றைச் சொல்வதால் குறையே இல்லை என்று நான் வாதிடவில்லை. தமிழ்ச்சொல் இருக்கும் இடத்திலும் ஆங்கிலத்தைத் திணிக்கும் வசனங்கள் உள்ளன. ழகரத்தைக் கொலை செய்யும் குரல்கள் உள்ளன. நகைச்சுவை என்ற பெயரில் உருவத்தையும் நிறத்தையும் கேலி செய்யும் வரிகள் உள்ளன. மூத்த ஆசிரியையின் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது.

மற்றொரு குறையும் உண்டு. பின்னணிக் குரல் சென்னையில் பதிவாவதால் சென்னைத் தமிழே நம் பிள்ளைகளின் காதில் விழுகிறது. "பசியாறிட்டியா?" என்று காலையில் நம் பாட்டி கேட்பதைப் போல் எந்தக் கார்ட்டூன் பாத்திரமும் கேட்பதில்லை. 2007இல் தொடங்கிய உப்பின் இப்பின் தொடரில் ராஜூவும் அங்கிள் முத்துவும் வருகிறார்கள். போபோய்போயில் கோபால் வருகிறான். நம் பிள்ளைகள் அவர்களை மிகவும் நேசிக்கிறார்கள். ஆனால், அவர்கள் பேசுவது மலாய். அது நம் தேசிய மொழி. அதில் எனக்கு யாதொரு குறையும் இல்லை. எனினும், "மலேசியத் தமிழ் பேசும் கார்ட்டூன் பாத்திரம் ஒன்றைச் சொல்லுங்கள்" என்று என் வகுப்பில் கேட்டபோது ஒரு கையும் உயரவில்லை. நம் பேச்சு திரைக்கு உகந்ததன்று என்று பிள்ளைகள் தாமாகவே முடிவு கட்டிவிடக்கூடும் என அஞ்சுகிறேன்.

கணினி விளையாட்டுகளின் நிலை இன்னும் மோசம். மொபைல் லெஜண்ட்ஸ் ஆடும் மாணவர்கள் அதன் வீரர்கள் பேசும் ஆங்கில வசனங்களை ஓய்வு நேரத்தில் ஒப்பிக்கிறார்கள். மலாய்ப் பழங்கதையின் பாடாங் அதில் வீரனாக இடம் பெற்றுள்ளான். நம் காவிய மாந்தர்கள் தமிழில் பேசும் விளையாட்டு எதனையும் என் மாணவர்கள் அறிந்திருக்கவில்லை. ஆறுதலாக ஒன்றைக் குறிப்பிடலாம். கனடாவில் உருவாகி 2023இல் வெளிவந்த 'வெண்பா' என்ற விளையாட்டு, அங்குக் குடியேறிய தமிழ்க் குடும்பத்தைப் பற்றியது. தாய் சமைக்கிறாள், மகன் கவின் மெல்ல மெல்லத் தமிழிலிருந்து விலகுகிறான். அதன் உரையாடல்கள் பெரும்பாலும் வாசிப்பதற்கு உரியவை. 2024இல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக விளையாட்டு விருது அதற்குக் கிடைத்தது. தாயின் மொழி மகனுக்கு எட்டாமல் போவதன் வலியை உலகம் புரிந்துகொண்டது. நமக்கு அது விளையாட்டல்ல. தேர்ச்சி அறிக்கை நாளில் மேசைக்கு எதிரே அமர்ந்திருக்கும் வலி.

வகுப்பறையில் செய்து பார்த்தது

சில ஆண்டுகளாக ஒரு பயிற்சியைச் செய்து வருகிறேன். இரண்டு நிமிடக் கார்ட்டூன் காட்சியை ஒலியை நிறுத்திவிட்டுத் திரையிடுவேன். மாணவர்கள் நால்வர் கொண்ட குழுவாகப் பிரிந்து வசனம் எழுத வேண்டும். பின்னர் காட்சி ஓட ஓடப் பேச வேண்டும். முதலில் அவரவர் வீட்டுத் தமிழில் பேசலாம். அடுத்த பாடத்தில் அதே வசனத்தை எழுத்துத் தமிழுக்கு மாற்ற வேண்டும்.

ஒருமுறை சிறிய விலங்கொன்று புலியிடம் பேசும் காட்சி. 'நீ' என்று அழைப்பதா, 'நீங்கள்' என்று அழைப்பதா என்று ஒரு குழுவில் பெரும் சண்டை. இறுதியில் ஒரு மாணவி, "முதல்ல பயம் சார், அதனால நீங்க. அப்புறம் கோபம் வந்திடுச்சு, அதனால நீ" என்று விளக்கி, ஒரே வசனத்தில் இரண்டையும் வைத்தாள். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் படர்க்கை, முன்னிலை எல்லாம் படித்துத் தேர்ந்த எனக்கு அன்று ஒன்பது வயதுச் சிறுமி பாடம் நடத்தினாள்.

இப்பயிற்சியால் எல்லாரும் சரளமாகப் பேசத் தொடங்கிவிட்டனர் என்று பொய்யுரைக்க மாட்டேன். கூச்சப்படும் பிள்ளைகள் இன்றும் கூச்சப்படுகிறார்கள். ஆனால், தம் முகத்தோடு பேசத் தயங்கும் பிள்ளை, ஒரு முயலின் முகத்தோடு பேச முன்வருகிறது. அன்று அந்த மாணவன் கிழவரின் குரலை அணிந்துகொண்டதும் இதற்காகத்தானே!

இன்று இயந்திரமே குரல் உண்டாக்கிவிடுகிறது. இதை எதிர்த்துப் பாதுகாப்புக் கோரி அமெரிக்காவில் கணினி விளையாட்டுகளுக்குக் குரல் கொடுக்கும் கலைஞர்கள் 2024 ஜூலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் ஏறத்தாழ ஓராண்டு நீடித்து, 2025இல் உடன்பாட்டில் முடிந்தது. நம் பிள்ளைகளின் காதில் நாளை விழப்போவது எவருடைய தமிழ் என்ற கேள்வி நமக்கும் உரியதே.

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. மாணவன் எந்தத் தமிழோடு வகுப்புக்குள் வருகிறானோ, அந்தத் தமிழை முதலில் வரவேற்போம்; திருத்தத்தைப் பிறகு வைத்துக்கொள்வோம். திருத்தும்போது பிறர் சிரிக்க இடம் கொடாதிருப்போம்.

பெற்றோர்களுக்கும் இரண்டு. திரை நேரத்தைக் கூட்டச் சொல்லவில்லை; இருக்கும் நேரத்தில் அரை மணியையாவது தமிழ்க் குரலுக்கு ஒதுக்குங்கள். பிள்ளையோடு அமர்ந்து பாருங்கள், "இதை நம் பாட்டி எப்படிச் சொல்வார்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

அந்த மாணவன் இப்போது இளைஞனாகியிருப்பான். அவனிடம் நேரில் மன்னிப்புக் கேட்கும் வாய்ப்பு எனக்கு இதுவரை அமையவில்லை. ஆகவே, இன்று யாரேனும் ஒரு பிள்ளை என் வகுப்பில் வேடிக்கைக் குரலில் பதில் சொன்னால், நான் அமைதியாகக் கேட்கிறேன். முடித்த பின், "இன்னும் ஒன்று சொல்" என்கிறேன்.